ஜார்ஜ்டவுன் கடையில் ரேடியோஹெட் இசைத்தட்டுகள்

பினாங்கில் சூலியா தெருப் பக்கம், குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய இசைத்தட்டுக் கடை இது. இங்கிலாந்து ராக் இசைக்குழுவான ரேடியோஹெட் பிடிக்கும் என்றால் கட்டாயம் போய்ப் பாருங்கள். 1993-இல் வந்த ‘பாப்லோ ஹனி’ தொடங்கி 2016-இன் ‘எ மூன் ஷேப்ட் பூல்’ வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்று சேர்ந்த அதே ஐந்து பேர் ஆள் மாறாமல் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்தான்.

நான் எடுத்தது ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தின் 2017 பதிப்பு, மூன்று தட்டு. 1997-இல் வந்த பாடல்கள் எல்லாம் உண்டு, கூடவே அப்போது வெளியிடாமல் வைத்திருந்த மூன்று பாட்டு. அதில் ‘லிஃப்ட்’ கேட்டுப் பாருங்கள், இதைப் போய் இருபது வருஷம் எதற்கு ஒளித்து வைத்தார்கள் என்று கோபமே வரும். கடைக்கார அண்ணன் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துக் கீறல் இல்லை என்று காட்டி, அப்புறம் ஊசியை வைத்து ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டார்.

“‘கிட் ஏ’வும் எடுங்க தம்பி, மொத தடவ பிடிக்காது, விடாம கேளுங்க” என்றார். கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு மின்னணு இசைக்குத் தாவிய 2000-ஆம் ஆண்டு ஆல்பம். சொன்னது சரிதான்.

குறை விலைதான். ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை 2007-இல் இசைக்குழுவே இணையத்தில் ‘விருப்பப்பட்டதைக் கொடுங்கள்’ என்று விட்டது. இங்கே உறையின் மூலை மடங்கியிருந்தும் ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை. கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கம் கொண்டு போங்கள்.