குழந்தை பல்லுல கறை: க்ளீனிங்கா, ஒயிட்னிங்கா, இல்ல வேற வழியா?

பிள்ளை பல்லு மஞ்சளா இருக்குன்னதும் ஒயிட்னிங் பேஸ்ட் தேடுறவங்கதான் ஜாஸ்தி. ஆனா கறை பல்லு மேல படிஞ்சிருக்கா, இல்ல பல்லுக்குள்ளயே இருக்கான்னு தெரியாம எதை வாங்கினாலும் காசு வேஸ்ட்தான்.

மேல படிஞ்சதுன்னா க்ளீனிங்தான், போட்டியே இல்ல. இரும்புச்சத்து சிரப்னால வர்ற கறுப்பு, ஈறு ஓரமா பேனாவுல கோடு இழுத்த மாதிரி வர்ற கறுப்பு (இது ஒருவகை பாக்டீரியா வேலை, பார்க்கத்தான் பயமா இருக்கும், சொத்தை கிடையாது) ரெண்டும் டென்டிஸ்ட் பாலிஷ் போட்டா போயிடும். திரும்ப வரும், அதான் மைனஸ். கறைக்கு பயந்து சிரப்பை மட்டும் நிறுத்திடாதீங்க, குடிச்சதும் வாய் கொப்பளிக்க வைங்க போதும்.

ஒயிட்னிங் பேஸ்ட் மேல இருக்குற கறையைத்தான் தேய்ச்சு எடுக்கும், உள் கறைகிட்ட அதோட பாச்சா பலிக்காது. ப்ளீச் பக்கம் போகவே வேணாம், ஐரோப்பிய யூனியன்ல 0.1 சதவீதத்துக்கு மேல ஹைட்ரஜன் பெராக்சைடு (ப்ளீச் பண்ற கெமிக்கல்) இருக்குற ஒயிட்னிங் ஐட்டம் எதையும் 18 வயசுக்குள்ள யூஸ் பண்ணக்கூடாதுன்னே ரூல் இருக்கு. அதுவும் 6, 7 வயசுல முளைக்கிற நிலைப்பல்லு பக்கத்து பால்பல்லை விட மஞ்சளாதான் தெரியும், எனாமல்ங்கிற மேல் பூச்சுக்கு உள்ள இருக்குற டென்டின்ங்கிற அடுக்கோட கலர் அது, அதுக்குப் போய் ட்ரீட்மென்டா? எலுமிச்சை, கரித்தூள் கோஷ்டிக்கு ஒண்ணே ஒண்ணு, எனாமல் தேய்ஞ்சா உள்ள இருக்குற மஞ்சள் இன்னும் நல்லாத்தான் தெரியும்.

உள் கறையில ஃப்ளோரைடு அதிகமாகி வர்ற திட்டு மேலோட்டமா இருந்தா மைக்ரோ அப்ரேஷன்ல லேசா சுரண்டி எடுக்கலாம், ஆழமான ப்ரவுன்னா பல் கலர் ரெசின் (ஃபில்லிங் பண்ற பொருள்) வச்சு மூடுறதுதான் சரி. இது வராம இருக்க 3 வயசு வரை அரிசி அளவு பேஸ்ட், 3லேர்ந்து 6 வரை பட்டாணி அளவு, முழுங்காம துப்பப் பழக்குங்க. கீழ விழுந்து அடிபட்டு சாம்பலான பால்பல்லுக்கு பாலிஷ், ப்ளீச் எதுவும் வேலைக்காகாது, சிலது தானாவே வெளுக்கும், ஆனா ஈறுல கொப்புளமோ வீக்கமோ வந்தா உடனே காட்டணும்.

நிஜமான குழப்பம் சொத்தையாலயே ப்ரவுனான பல்லுலதான், ஃபில்லிங்கா சில்வர் டையமைன் ஃப்ளோரைடா? ஃபில்லிங் பார்க்க அழகா இருக்கும், ஆனா பிள்ளை வாயைத் திறந்து அசையாம உட்காரணும், பெரும்பாலும் ட்ரில் போடணும், 2 வயசு குழந்தைகிட்ட அது நடக்குற கதையா? சில்வர் டையமைன் ஃப்ளோரைடு, ஊசி, ட்ரில் எதுவும் இல்லாம சும்மா தடவுற மருந்து, நிறைய சொத்தை அதோட நின்னுடும், ஆனா தடவின சொத்தை இடம் கன்னங்கரேல்னு ஆயிடும், அந்தக் கறுப்பு தேய்ச்சாலும் போகாது. கடைவாய்ப் பல்லுன்னா யோசிக்காம இதையே எடுப்பேன். முன்பல்லுன்னா குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் மேல ரெசின் வச்சு மறைக்க முடியுமான்னு, தடவுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.