இந்தியப் பயணம் போகிறவர்கள் கடவுச்சீட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்

புதுக்குடியிருப்பிலும் விசுவமடுவிலும் அடுத்த தை மாதத்துக்கு இந்தியப் பயணம் என்று ஆள் சேர்க்கிறார்கள். சேர்க்கிறவர் 2025 ஆடியில் எங்களைக் கூட்டிப்போன அதே ஆள். பெயர் போடவில்லை, முற்பணம் கட்டியவர்களுக்குப் படித்ததுமே விளங்கும்.

நாங்கள் வட்டக்கச்சி. அம்மாவும் நானும் போனோம். 24 நாள், சென்னையில் தொடங்கி மாமல்லபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, இராமேஸ்வரம், கன்னியாகுமரி, பழனி. ஆளுக்கு 265,000 இலங்கை ரூபா. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், மூன்று நேரச் சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்குள் என்று வாயால் சொன்னார். சீட்டுக் கட்டி எடுத்த காசோடு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த காசையும் சேர்த்துக் கட்டினேன். தந்த பற்றுச்சீட்டில் 'இந்தியப் பயணம்' என்றும் தொகையும் மட்டும்தான் இருந்தது. எத்தனை நாள், எந்த ஊர், எது அடக்கம், ஒன்றும் இல்லை. அதை அன்றைக்கே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் ஒரு நாள்தான் முக்கியம். அவரின் தம்பி 1990இல் மன்னார்க் கரையில் இருந்து வள்ளத்தில் போனவர். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பதிந்து, பிறகு பவானிசாகர் முகாமுக்கு அனுப்பப்பட்டு, இன்றும் அங்கேதான் இருக்கிறார். 35 வருடமாக இருவரும் நேரில் பார்க்கவில்லை. ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரத்தில் சந்தித்து, தாத்தாவுக்குச் சேர்ந்து பிதிர்க்கடன் செய்வது என்று பேசி வைத்திருந்தார்கள். மாமா முகாமில் அனுமதியும் எடுத்துவிட்டார். இதையெல்லாம் காசு கட்டும்போதே அந்த ஆளிடம் சொன்னோம். "அதுக்கென்ன அம்மா, கட்டாயம் கூட்டிக்கொண்டு போவன்" என்றார்.

பலாலியில் ஏறி சென்னையில் இறங்கியதும் பதினெட்டுப் பேரின் கடவுச்சீட்டையும் வாங்கிப் பைக்குள் போட்டார். லொட்ஜில் பதிய வேண்டுமாம். அதில் பாதி உண்மை. வெளிநாட்டவர் தங்கினால் லொட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவரின் விவரத்தை அரசுக்குப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் கடவுச்சீட்டையும் விசாவையும் பார்த்துப் பிரதி எடுத்தால் போதும், உடனே திருப்பித் தந்துவிடுவார்கள். பிறகு நாங்கள் தனியே தங்கிய இடத்தில் ஐந்து நிமிடத்தில் கையில் தந்தார்கள்.

மாமல்லபுரத்தில் நுழைவுச்சீட்டுக்கு என்று ஆளுக்கு 600 இந்திய ரூபா தனியே கேட்டார். வெளிநாட்டவர் கட்டணம் அது. ஆனால் இலங்கை உட்பட்ட சார்க் நாட்டுக்காரருக்கு இந்தியரைப் போலவே 40 ரூபாதான், கடவுச்சீட்டைக் காட்டினால் சரி. வெளியே வரும்போதுதான் பலகையைப் பார்த்தேன். கேட்டதற்கு, "தங்கச்சி, உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்றார். நானும் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கே விட்டதுதான் பிழை.

ஊர்களில் ஒரு குறையும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் அம்மா ஒரு மாலை முழுக்க எழும்பாமல் இருந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

மதுரைக்கு வந்தோம். அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள். இராமேஸ்வரத்தில் சனம் கூடியதால் அறை வாடகை ஏறிவிட்டது, ஆளுக்கு இன்னும் 60,000 இலங்கை ரூபா தந்தால்தான் வான் போகும், இல்லாவிட்டால் இராமேஸ்வரம் இல்லை என்றார். அம்மா அவரின் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, என்ர சகோதரன் வெளிக்கிட்டிட்டான்." அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி, நாங்கள் பஸ்ஸில் போகிறோம், கடவுச்சீட்டைத் தாருங்கள் என்றேன். கடைசி நாள் விமான நிலையத்தில்தான் தருவாராம். அது இல்லாமல் எந்த லொட்ஜும் எங்களுக்கு அறை தராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று இரவு அம்மா படுக்கவில்லை. மறுநாள் முழுக்கக் கெஞ்சியும் பலனில்லை. பின்னேரம், சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்துக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறேன் என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். இரவு பதினொரு மணிக்கு எங்கள் இரண்டு கடவுச்சீட்டும் கதவடிக்கு வந்தன.

விடியமுன் பஸ் பிடித்தோம். பாம்பன் பாலத்தில் போகும்போது அம்மா கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். அக்னி தீர்த்தக் கரையில் அவ்வளவு சனத்துக்குள்ளும் மாமா அம்மாவின் நடையை வைத்தே அடையாளம் கண்டு கூப்பிட்டார். "அக்கா" என்ற ஒரு சொல்தான். இருவரும் ஈர மணலில் அப்படியே இருந்துவிட்டார்கள். அந்த நாளை அவர் எங்களிடம் இருந்து பறிக்கப் பார்த்தாரே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

24 நாள் 19 நாளாக முடிந்தது. கன்னியாகுமரியும் பழனியும் யாரும் பார்க்கவில்லை. 60,000 கட்டிய ஆறு பேரைக்கூட இராமேஸ்வரத்தில் காலையில் இறக்கி, மாலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம்.

காசு கட்டமுன் ஊர், நாள், செலவு எல்லாவற்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த நிறுவனமா என்று கேளுங்கள். விசாவை இந்திய அரசின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். முகவரி கவ் டொட் இன் (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள், அதேபோல நடிக்கும் தளங்கள் பல உண்டு. கடவுச்சீட்டு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

நாங்கள் ஒன்பது பேர் பற்றுச்சீட்டுகளோடு நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லிவிட்டோம். வரும் திங்கட்கிழமை கிளிநொச்சிப் பொலிஸிலும் முறைப்பாடு எழுதப் போகிறோம். முற்பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு அங்கே வாருங்கள்.