‘த்ரில்லர்’ என்று விற்கப்படும் விடுமுறை மர்மப் படங்கள்: டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டிரெய்லரில் காட்டுவது இது: கடலோர விடுதி, விடுமுறைக்கு வந்த குடும்பம், மூன்றாம் நாள் காலையில் ஒருவரைக் காணவில்லை, ஓட்டம், அலறல், தண்ணீருக்குள் ஒரு கை. திரையில் கிடைப்பது: இரண்டேகால் மணி நேரம் சாப்பாட்டு மேசை, வெயில், மௌனம், கணவன் மனைவிக்குள் புகைச்சல். காணாமல் போனவர் என்ன ஆனார் என்பது கடைசி வரை வெளிவராது. விளக்கு போட்டதும் பாதி அரங்கம் திட்டிக்கொண்டே எழும். மீதிப் பாதி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

படம் மெதுவாகப் போவதில் யாருக்கும் வழக்கு இல்லை. துப்பறியும் கதை என்று சொல்லி உறவுச் சிக்கல் கதையைத் தலையில் கட்டுவதில்தான் வழக்கு.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. டிரெய்லரைப் பெரும்பாலும் இயக்குநர் வெட்டுவதில்லை; அதற்கென்றே இருக்கும் தனி நிறுவனங்கள் வெட்டுகின்றன. படத்தில் 40 விநாடி நீளும் ஒரு ஷாட்டிலிருந்து ஒரு விநாடியை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். கதவைத் திறப்பது, திரும்பிப் பார்ப்பது, தண்ணீரில் குதிப்பது போன்ற சாதாரண அசைவுகளை அடுக்கி, அடியில் ஏறிக்கொண்டே போகும் ஒலியையும் திடீர் அதிர்வையும் சேர்த்தால் போதும், அபாயம் வந்துவிடும். அந்த இசை பல நேரம் படத்திலேயே இருக்காது. ஆகவே ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை டிரெய்லரைப் பாருங்கள். யாராவது யாரையாவது துரத்துகிறார்களா, விசாரிக்கிறார்களா, ஒரு தடயத்தைக் கையில் எடுக்கிறார்களா? போலீஸ் ஒரே உடையில் ஒரே இடத்தில் மட்டும் வருகிறாரா? அப்படியானால் விசாரணை என்பது அந்த ஒரு காட்சியோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒலியில்லாமல் பார்க்கும்போது வெறும் முகங்களும் நிலக்காட்சியும்தான் மிஞ்சுகின்றன என்றால், படமும் அதுதான்.

அடுத்தது கதைச்சுருக்கம். “காணாமல் போனவரைத் தேடும் தாய்” என்றால் தேடல் இருக்கும். “காணாமல் போன பிறகு குடும்பத்தின் பழைய காயங்கள் திறக்கின்றன” என்றால் தேடல் இருக்காது. வினைச்சொல் யார் மேல் இருக்கிறது என்று பாருங்கள். ‘சூழலுணர்வு நிறைந்த’, ‘தியானம் போன்ற’ என்ற பாராட்டுகள் போஸ்டரில் இருந்தால், அது விமர்சகர் நாகரிகமாகச் சொல்லும் ‘இழுவை’. சிலருக்கு அதுவே வேண்டும், அது வேறு விஷயம்.

இந்தச் சண்டை புதிதல்ல. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவ்வென்தூரா’வில் சிசிலி அருகே உல்லாசப் படகுப் பயணம் போகும் கூட்டத்தில் ஒரு பெண் பாறைத் தீவொன்றில் மறைந்துபோகிறாள். பாதிப் படத்துக்கு மேல் அவளை யாரும் சீரியஸாகத் தேடுவதே இல்லை, பதிலும் இல்லை. 1960 கான் திரைப்பட விழாவில் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். மறுநாளே திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் ஆதரவு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். படம் நடுவர் பரிசும் வாங்கியது. ஒரே படம், ஒரே வாரம், இரண்டு தீர்ப்பு. 1975இல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’கிலும் 1900ஆம் ஆண்டு உல்லாசப் பயணம் போன பள்ளி மாணவிகள் மறைகிறார்கள். பின்னாளில் இயக்குநர் சில நிமிடங்களைக் குறைத்து மறுபதிப்பு வெளியிட்டார், விடையைச் சேர்க்கவில்லை. இவையெல்லாம் விடை மறந்துபோன படங்கள் அல்ல, விடை வேண்டாம் என்று எடுத்தவை. அதை விளம்பரத்தில் சொன்னால் கூட்டம் குறையும், அவ்வளவுதான்.

மதிப்பெண்களை நம்பி ஏமாறுவோர்தான் அதிகம். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் சராசரி மதிப்பெண் அல்ல. எத்தனை விமர்சகர்கள் ‘பரவாயில்லை’க்கு மேலே சொன்னார்கள் என்ற கணக்கு. 60% எட்டினாலே ‘ஃப்ரெஷ்’, அதாவது நல்ல படம் என்ற முத்திரை. பத்துக்கு ஆறு கொடுத்தவரும் பத்துக்குப் பத்து கொடுத்தவரும் அங்கே ஒன்றுதான். சினிமாஸ்கோர் வேறு மாதிரி. அமெரிக்காவில் வெளியீட்டு நாள் இரவே அரங்கில் பார்வையாளர்களிடம் கேட்டு ‘ஏ பிளஸ்’ முதல் ‘எஃப்’ வரை தரம் போடுவார்கள். எதிர்பார்த்து வந்தது கிடைத்ததா என்பதை அதுதான் காட்டும். ‘இட் கம்ஸ் அட் நைட்’ 2017இல் பேய்ப்படம் போல விற்கப்பட்டது. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள், சினிமாஸ்கோர் ‘டி’. இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் விளம்பரம் பொய் சொல்லியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பார்வையாளர்களே மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் சராசரியை விடுங்கள், ஒன்று முதல் பத்து வரை எத்தனை பேர் போட்டார்கள் என்ற பட்டை வரைபடத்தைத் திறங்கள். இரு முனையும் உயர்ந்து நடு தாழ்ந்திருந்தால் படம் ஆளைப் பிரிக்கும் ரகம். பிறகு ஒரு நட்சத்திரப் பதிவுகளையும் பத்து நட்சத்திரப் பதிவுகளையும் அக்கம்பக்கமாகப் படியுங்கள். “ஒன்றுமே நடக்கவில்லை” என்று ஒருவர் திட்டுவதையே “சொல்லாமல் சொல்கிறது” என்று இன்னொருவர் கொண்டாடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

தொடர்களில் இழப்பது நேரத்தை. 50 நிமிடம் வீதம் 8 பகுதி என்றால் 400 நிமிடம். ‘லிமிடெட் சீரிஸ்’ என்று போட்டிருந்தால் கதை அந்த சீசனிலேயே முடிய வாய்ப்பு அதிகம். வெறும் ‘சீசன் 1’ என்றால் கொலையாளி சீசன் 2க்கு ஒத்திவைக்கப்படலாம், அந்த சீசன் வராமலும் போகலாம். முதல் இரண்டு பகுதியில் புதிய தகவல் எத்தனை வந்தது என்று மனதில் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் பகுதி முடிவில் சந்தேகப்பட்டியல் மாறவே இல்லை என்றால் ஏழாம் பகுதி வரை மாறாது.

பணம் திரும்புமா? பெரும்பாலும் இல்லை. வாடகைக்கு எடுக்கும் படத்தைப் பல தளங்களில் 30 நாளுக்குள் தொடங்கலாம். தொடங்கியபின் 48 மணி நேரம்தான். ‘பிளே’ அழுத்தியபின் ரத்து கேட்பது மிகக் கடினம், அதனால் “பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்” என்று தொடங்காதீர்கள். சட்டமும் கைகொடுக்காது. டிரெய்லரில் இருந்த பாட்டு படத்தில் இல்லை என்ற வழக்கில், டிரெய்லர் ஒப்பந்த வாக்குறுதி ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. டிரெய்லரில் வந்த நடிகை படத்தில் இல்லை என்ற அமெரிக்க வழக்கில், டிரெய்லரும் விளம்பரம்தான் என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். பின்னர் அந்த வழக்கும் தள்ளுபடியானது.

படம் பிடித்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது “யார் செய்தது என்று கடைசியில் சொல்ல மாட்டார்கள்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வகைப் படத்தில் அது ஸ்பாய்லர் கணக்கில் வராது.