வாசித்தவன் வாக்குப் பிந்துகிறது: ஒரு சுட்டிப் பகிர்வுத் தளத்தில் ஏழு ஆண்டுகள்

இணையத்தில் உள்ள நல்ல கட்டுரைகளின் சுட்டியை (link) ஒரு தளத்தில் சேர்த்தால் வாசகர் வாக்கே அதை மேலேற்றும் என்கிறார்களே, சேரலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அத்தகைய தளம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாகச் சுட்டிகளைச் சேர்த்து வருகிறேன். தோற்றத்திலோ வேகத்திலோ எனக்குக் குறையில்லை. என் மனத்தாங்கல் முழுவதும், சேர்த்த சுட்டிகள் முதலில் வந்து விழும் 'புதியவை' பக்கத்தின் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றியதே.

முகப்போடு நின்றுவிடுபவர்களே பெரும்பாலோர். 'புதியவை'யை எட்டிப் பார்க்கும் சிலரின் கையில்தான் பதிவின் தலையெழுத்து இருக்கிறது. இவ்வகைத் தளங்களில் பெரியதான ரெடிட், தன் நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்த காலத்தில், பதிவுகளை வரிசைப்படுத்திய சூத்திரத்தில், முதல் 10 வாக்குகளுக்கு உள்ள எடை அடுத்த 90 வாக்குகளுக்குத்தான் உண்டு. பன்னிரண்டரை மணி நேரம் மூத்த பதிவு, புதியதற்கு ஈடுகொடுக்கப் பத்து மடங்கு வாக்குப் பெற வேண்டும். அதே வகைத் தளமான ஹேக்கர் நியூஸின் வெளியான பழைய சூத்திரமோ, பதிவின் வயதோடு 2 மணி நேரத்தைக் கூட்டி, அதன் 1.8 அடுக்கால் வாக்குகளை வகுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் மணி நேரத்துக்குள்ளேயே வகுக்கும் எண் இரு மடங்காகிவிடுகிறது.

பழையது இறங்காவிட்டால் முகப்பு குட்டையாகத் தேங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நாற்பது நிமிடக் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு வாக்களிக்க வருபவர், படித்த குற்றத்துக்காகவே பிந்தி வருகிறார். தலைப்பைக் கண்டவுடன் தலையாட்டுபவரின் வாக்கோ நொடியில் விழுந்துவிடுகிறது.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் அலுவலகம் தொடங்கும் வேளையான நம் மாலை ஏழு மணிக்குச் சேர்ப்பதும், கட்டுரையின் சொந்தத் தலைப்பைத் திருகாமல் இடுவதும் ஓரளவு பலன் தந்திருக்கின்றன. தெரிந்தவர்களிடம் வாக்குக் கேட்பது மட்டும் கூடாது. கூட்டு வாக்கை இத்தளங்கள் மோப்பம் பிடித்துவிடும். ஹேக்கர் நியூஸில், கவனிப்பாரின்றிப் போனவற்றுள் நல்லவற்றைப் பொறுக்கி, முகப்பின் கீழ்ப்பகுதியில் மறுவாய்ப்புத் தரும் வழக்கம் உண்டு. நான் புழங்கும் தளத்தில் அந்தக் கருணையும் இல்லை.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1858-இல் அட்லாண்டிக்கின் அடியில் போடப்பட்டு, ஏறத்தாழ மூன்றே வாரங்களில் செயலிழந்த தந்தி வடத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைச் சேர்த்தபோது, மூன்றே வாக்குகள்தான் கிடைத்தன. ஆனால் அதன் கீழே கருத்துப் பகுதியில், வடம் பழுதுபார்க்கும் கப்பலில் பணியாற்றிய ஒருவர், அறுந்த முனையைக் கடலடியிலிருந்து கொக்கி போட்டு இழுத்தெடுக்கும் விதத்தைப் பத்துப் பத்தி எழுதியிருந்தார். அதை இன்றும் சேமித்து வைத்திருக்கிறேன். வேறெங்கும் எனக்கு அது கிடைத்திருக்காது.

இருந்தும் பத்துக்கு நான்கு மதிப்பெண்தான். நண்பரிடமும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். செவ்வாயன்று நான் சேர்த்து ஒற்றை வாக்கோடு மூழ்கிய சுட்டியை, வியாழனன்று வேறொருவர் சேர்க்க, அது நாள் முழுதும் முகப்பில் நின்றது. கட்டுரை நல்ல கட்டுரை என்பதால், நானும் அதற்கு ஒரு வாக்குப் போட்டேன்.