டைட்டன் பள்ளங்களுக்கு எது ஏற்றது: ரேடாரா, அகச்சிவப்பா?

சனியின் நிலவான டைட்டனில் ஒரு மோதல் பள்ளத்தை ஆராயப் போகிறவர் ரேடார் படத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அங்குள்ள அடர்ந்த புகைமூட்டம் காசினி விண்கல ரேடாரின் 2.17 செ.மீ. அலையைத் தடுப்பதில்லை. சிறந்த படங்களின் பிரிதிறன் சுமார் 350 மீட்டர். விளிம்பும் அரிப்புத் தடங்களும் தெளிவாகத் தெரியும். அதே விண்கலத்தின் அகச்சிவப்புக் கருவியான விம்ஸ் எடுத்த பெரும்பாலான படங்களில் ஒரு படப்புள்ளியே பல கிலோமீட்டர் அகலம். சுமார் 80 கி.மீ. அகலமுள்ள சின்லாப் பள்ளம்கூட அதில் மங்கலான திட்டுதான்.

ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால், அதற்கு அருகிலுள்ள உட்சுவர் நீண்டும் எதிர்ச்சுவர் குறுகிப் பளிச்சென்றும் விழும். இதைப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது, ஆழம் கிடைப்பதே இதிலிருந்துதான். இரு சுவர்களின் அகல வித்தியாசத்தில் பாதியைப் படுகோணத்தின் (ரேடார் கதிர் செங்குத்துடன் உண்டாக்கும் கோணம்) டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். கோணம் 30 டிகிரி, வித்தியாசம் 1.73 கி.மீ. என்றால் ஆழம் அரை கி.மீ. ஒரு சுவர் சரிந்தோ அரிக்கப்பட்டோ போயிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

ஆனால் ரேடாரில் பளிச்சென்று இருப்பதெல்லாம் பனிக்கட்டி என்று எழுதிவிடாதீர்கள். கரடுமுரடான தரை, ரேடாரை நோக்கிய சரிவு, தரைக்கு உள்ளிருந்து வரும் சிதறல் என மூன்றுமே ஒரே வெண்மையைத் தரும். பொருள் என்னவென்று சொல்ல அகச்சிவப்பு வேண்டும். நீர்ப்பனி 1.59, 2.03 மைக்ரான்களில் ஒளியை உறிஞ்சுவதால், இந்த அலைநீளங்களில் எடுத்த படங்களை 1.27 மைக்ரான் படத்தால் வகுத்தால் பனி மிகுந்த இடங்களில் மதிப்பு குறையும். ரேடாரில் இருண்ட பள்ளத்தரை மணலா, வெறும் வழுவழுப்பான நிலமா என்ற சந்தேகத்தையும் இந்த விகிதப் படம் பெரும்பாலும் தீர்த்துவைக்கும்.

புகைமூட்டம் சிதறும் ஒளி தரையின் ஒளியோடு கூடிக்கொள்வதால் வகுத்தலில் அது முழுதாக நீங்காது. முதலில் அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். சாய்ந்த பார்வையில் எடுத்த படங்களைத் தவிர்ப்பதே மேல். 5 மைக்ரானில் மூட்டம் மிகக் குறைவு, ஆனால் சூரிய ஒளியும் குறைவு என்பதால் இரைச்சல் கூடும். மெல்லிய கரிமப் படிவு மூடினாலே அகச்சிவப்புக்கு அடியிலுள்ள பனி தெரியாது.

வியாழனின் நிலவுகளான கானிமீடிலும் யூரோப்பாவிலும் மறைக்கும் காற்று இல்லை. அங்கே அகச்சிவப்புக்கே முதலிடம். 1.65 மைக்ரான் பட்டையைக் கொண்டு பனி படிகமா, படிகமற்றதா என்றுகூடப் பிரிக்கலாம். அங்கு செல்லும் ரேடார்கள் ஆழத்தைத் துழாவுபவை: ஜூஸ் விண்கலத்தின் ரைம் ரேடார் 9 மெகாஹெர்ட்ஸிலும், யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தின் ரீசன் ரேடார் 9, 60 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கும். 9 மெகாஹெர்ட்ஸில் வியாழனின் ரேடியோ இரைச்சல் பலமாக இருப்பதால், நிலவில் வியாழனை நோக்காத பக்கத்திலுள்ள பள்ளங்களே அதற்கு வசதி. 60 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கரடான விளிம்புகளின் சிதறல் அடியிலிருந்து வரும் எதிரொலியை எளிதில் மூடிவிடும்.