முதல் படகு வீட்டுப் பயணம்: கென்யிரா, தெமெங்கோரா?

சிங்கப்பூர்த் தூண்டில்காரர்களுக்கு வடக்கே மலேசியாவில் இரண்டு பெரிய ஏரிகள்: கென்யிர், தெமெங்கோர். இரண்டும் அணையால் உருவானவை. மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னும் நிற்கின்றன, தூண்டில் மாட்டினால் போச்சு.

குடும்பத்தோடு முதல்முறை என்றால் நான் கென்யிரைத்தான் சொல்வேன். திரெங்கானுவில் இருக்கிறது; படகுத்துறைவரை காரிலேயே போகலாம். ஆனால் நம் டிசம்பர் பள்ளி விடுமுறை அங்கே அடைமழைக் காலம். ஜூன் சரி.

பேராக்கின் தெமெங்கோர் தாய்லாந்து எல்லைப் பக்கம். போகவே ஒரு நாள் ஓடிவிடும், ரோயல் பெலும் காட்டுக்குள் நுழைய பெர்மிட்டும் வேண்டும். தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) பைத்தியம் பிடித்தவர்கள் இதையெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை! செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் சலசலத்தால், அடியில் தாய்மீன் காவல் நிற்கும். (அதைப் பிடிக்காமல் விடுவதே என் கட்சி.)

படகு வீட்டைப் பெரும்பாலும் மொத்தமாகத்தான் வாடகைக்கு விடுவார்கள். ஆள் சேர்ந்தபின் முன்பணம் கட்டுங்கள்.