மூன்று வருடம் வேனில்: வைத்துக்கொண்டதும் பிடுங்கி எறிந்ததும்

தங்கி வாழ வேனை வாங்கிய வாரமே, உள்ளே படுக்கை அமைக்கப் பலகை அறுக்க உட்கார்ந்தது நான் செய்த முதல் தப்பு. படுக்கையைக் குறுக்காகப் போட்டேன், இடம் மிச்சமாகுமே என்று. கால் நீட்ட வழியில்லாமல் மூன்றாம் மாதமே அதைப் பிரித்து நீளவாக்கில் போட்டேன். காலி வேனில் ஒரு மெத்தையை விரித்து நாலு ராத்திரி தூங்கிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

சிங்க், தண்ணீர்த் தொட்டி, மின்பம்பு எல்லாம் போயின. குலுங்கிக் குலுங்கி இணைப்புகள் கசிந்தன, தொட்டிக்குள் கை விட்டுக் கழுவவும் முடியவில்லை. இப்போது 20 லிட்டர் கேன் இரண்டுதான். நிரம்பினால் இரண்டும் சேர்ந்து 40 கிலோ, அதனால் தரையோடு வைத்து பட்டை போட்டு இறுக்கியிருக்கிறேன். தண்ணீர் தீர்ந்தால் கேனை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம்.

என்னைப் படாத பாடு படுத்தியது ஈரம். குளிர்கால ராத்திரியில் இருவர் விடும் மூச்சும், உள்ளே எரியும் கேஸ் அடுப்பின் நீராவியும் தகரத்தில் பட்டு முத்து முத்தாக வழியும். ஒருநாள் மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்பூஞ்சை! குளிரைத் தடுக்கச் சுவருக்குள் திணித்திருந்த பஞ்சும் ஊறிப் போயிருந்தது. பஞ்சை எடுத்துவிட்டு நீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் ஒட்டினேன். மெத்தைக்கு அடியில் முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள். கூரையில் ஒரு ஃபேன், அது இழுக்கக் காற்று வேண்டுமே, ஜன்னலும் விரலளவு திறந்திருக்கும். குளிரத்தான் செய்கிறது, போர்வை இருக்கிறது.

மின்சாரத்தில் பெரிதாகக் குறையில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, அதாவது 1280 வாட்-மணி மின்சாரம் சேமிக்கும். கூரையில் 200 வாட் சோலார். சின்ன ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபோன் எல்லாம் வெயில் காலத்தில் ஓடிவிடும், மேகமூட்டமான நாட்களில் வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது. ஆரம்பத்தில் ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றது. பேட்டரியைச் சந்தேகித்தேன், ஆனால் குற்றவாளி ஒல்லியான வயர். நீளமான ஒல்லி வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். தடிமனான வயர் போட்டதும் சரியாகிவிட்டது. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். இந்த ரக பேட்டரியை உறைபனிக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது.

கேஸ் சிலிண்டருக்குத் தரையில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறேன். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும், அந்த ஓட்டை வழியாக வெளியேறிவிடும். அடுப்பு சரியாக எரியாவிட்டால் வரும் மணமில்லாத விஷவாயு, கார்பன் மோனாக்சைடு, அதற்கு ஒரு அலாரமும் உண்டு.

இன்றுவரை தீராதது இழுப்பறை. வளைவில் திரும்பினால் திறந்துகொண்டு கரண்டிகளைக் கொட்டுகிறது. மூன்று விதத் தாழ்ப்பாள் மாற்றியாயிற்று, இப்போதைக்கு ஒரு கயிறு.